மெஷின் ஓடிய நேரம்: எழுதி வாங்குவதா, லேம்பைப் பார்ப்பதா, கன்ட்ரோலரைக் கேட்பதா?

கோவையில் பத்து சிஎன்சி (ப்ரோகிராமில் ஓடும் வெட்டும் மெஷின்) வைத்து ஜாப் ஆர்டர் எடுக்கும் பட்டறையில் டிஜிட்டல் வேலை தொடங்கும் இடம் ஒன்றுதான்: எந்த மெஷின் உண்மையில் எத்தனை மணி நேரம் வெட்டியது? அதை அறிய மூன்று வழிகள் உண்டு.

ஆபரேட்டர் எழுதித் தருவதற்குச் செலவே இல்லை. ஆனால் ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து எழுதும்போது ஐந்து, பத்து நிமிட நிறுத்தங்கள் எல்லாம் காணாமல் போகும். அதற்காக இதைத் தூக்கியெறிய முடியாது. வெட்டும் முனையான இன்சர்ட் தீர்ந்ததா, முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருந்ததா என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்தது, வெளியிலிருந்து சிக்னல் எடுப்பது. மெயின் கேபிளில் கரன்ட்டை அளக்கும் சிடி கிளாம்ப் மாட்டினால் ஹைட்ராலிக், கூலன்ட் மோட்டார் இழுக்கும் கரன்ட்டும் சேர்ந்தே வரும். சும்மா நிற்கும்போது எவ்வளவு, வெட்டும்போது எவ்வளவு என்று அளந்து நடுவில் வரம்பு வைக்க வேண்டும். ஃபினிஷிங் கட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் ஓடும் மெஷினே நிற்பதாகக் காட்டும். மெஷினின் நிலையைக் காட்டும் டவர் லேம்பின் பச்சை விளக்கிலிருந்து 24 வோல்ட் சிக்னலை ரிலே வழியாக எடுப்பது இதைவிட நம்பகமானது. மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோலர் எவ்வளவு பழையதானாலும் நடக்கும். ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: பச்சை எப்போது எரியும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்.

மூன்றாவது, கன்ட்ரோலரையே கேட்பது. ஈதர்நெட் உள்ள ஃபானுக் கன்ட்ரோலரில், அதன் தகவலைப் படிக்க உதவும் ஃபோகாஸ் மென்பொருள் வழியாக, வழக்கமாக 8193-ம் போர்ட்டில், அலாரம், ப்ரோகிராம் எண், பீஸ் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். ஆர்எஸ்-232 என்ற சீரியல் போர்ட் மட்டும் உள்ள பழைய மெஷினில் இது நடக்காது. எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. அது ப்ரோகிராம் முடிவைக் குறிக்கும் எம்02, எம்30 கோட் வரும்போதுதான் ஏறும். கம்பியைத் தானாக உள்ளே தள்ளும் பார் ஃபீடரோடு, தொடக்கத்துக்கே திருப்பும் எம்99-ல் சுற்றும் ப்ரோகிராமில் நாள் முழுக்க ஓடினாலும் எண் அசையாது. 6710-ம் பாராமீட்டரில் தனி எம் கோட் ஒன்றைக் குறித்து, பீஸ் முடியும் வரியில் அதைப் போட வேண்டும். மெஷினின் உள் லாஜிக்கான லேடரில் இல்லாத எம் கோட்டைப் போட்டால் மெஷின் அங்கேயே நின்றுவிடும், இல்லை அலாரம் அடிக்கும்.

பழையதும் புதியதும் கலந்த பட்டறைக்கு எங்கள் தேர்வு, எல்லா மெஷினிலும் டவர் லேம்ப் சிக்னல். அதன் பக்கத்தில், மெஷின் ஏன் நின்றது என்பதை ஆபரேட்டர் சொல்ல எட்டுக்கு மிகாத பட்டன்கள். இருபது பட்டன் வைத்தால் எல்லாமே 'மற்றவை'யில் போய் விழும். இந்தக் கணக்கை வைத்துச் சம்பளத்தில் பிடித்தால் மறுநாளே பொய்க் காரணம் வரத் தொடங்கும். கன்ட்ரோலர் இணைப்பு புது மெஷின்களுக்குப் பிறகு வரட்டும்.

எந்த வழியில் போனாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பார்ட் பெயரில்தான். கணக்கு மென்பொருளான டேலியில் '40 எம்எம் ஃபிளாஞ்ச்', ஷாப்பில் 'சின்ன ஃபிளாஞ்ச்', கம்பெனி தரும் பர்ச்சேஸ் ஆர்டரில் (பிஓ) டிராயிங் நம்பர் என்று ஒரே பீஸ் மூன்று பெயரில் கிடந்தால், மெஷின் ஓடிய நேரத்தை எந்த ஆர்டரில் சேர்ப்பது? சென்சாருக்கு ஆர்டர் கொடுக்கும் முன், ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் பார்ட்டுக்கும் டிராயிங் நம்பரையும் ரிவிஷனையும் சேர்த்து ஒரே பார்ட் கோட் போட்டு, ஜாப் கார்டு, டேலி இரண்டிலும் அதையே ஏற்றிவிடுங்கள்.