சியோல் நடைபாதைக்குப் பென்சில் ஹீலா, பிளாக் ஹீலா?

சியோலில் வேலைக்குப் போகும் ஒரு பெண் ஒரே ஒரு ஜோடி ஹீல்ஸ்தான் வாங்கப் போகிறாள் என்றால், 5 செ.மீ. பிளாக் ஹீலை, அதாவது அடி அகலமான கட்டைக் குதி உள்ளதை, எடுக்கச் சொல்வேன். நான் போடுவதும் அதுதான். பார்வைக்கு 8, 9 செ.மீ. உயரத்தில் குச்சி போல மெலிந்த பென்சில் ஹீல் ஒரு படி மேல் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த ஊரின் தரை செருப்பை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்தால் பிளாக் ஹீல்தான் தாக்குப்பிடிக்கிறது. ஸ்னீக்கரில் வந்து ஆபீஸில் ஹீல்ஸுக்கு மாறுவது மூன்றாவது வழி. அதற்குப் பிறகு வருகிறேன்.

உயரம் கூடினால் பாரம் முன்பாதத்துக்குப் போகும், விரல் வலிக்கும், இடுப்பு பிடிக்கும். இதெல்லாம் ஹீல்ஸ் போடும் எல்லோருக்கும் தெரியும். வாங்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. கொரிய ஆன்லைன் கடைகளில் குதியின் உயரத்தையும் முன்பாதத்துக்கு அடியில் வரும் தடித்த பிளாட்ஃபார்மின் உயரத்தையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 9 செ.மீ. குதியில் 2 செ.மீ. பிளாட்ஃபார்ம் இருந்தால் பாதத்துக்கு அது 7 செ.மீ. சரிவுதான். பிளாட்ஃபார்மே இல்லாத 7 செ.மீ. பம்ப்ஸும் (வார் இல்லாத மூடிய ஹீல்ஸ்) அதே சரிவுதான். ஆகவே ஒப்பிடும்போது சரிவை ஒப்பிடுங்கள், மொத்த உயரத்தை அல்ல. தடித்த பிளாட்ஃபார்ம் ஷூக்களில் எனக்குப் பழக்கம் குறைவு. சோல் வளையாததால் படி இறங்கும்போது தரை தட்டுப்படாது என்பதைத் தாண்டி அவற்றைப் பற்றித் தீர்ப்பாக எதுவும் சொல்ல மாட்டேன்.

இனி தேய்மானம். என்னைப் பொறுத்தவரை முடிவே இதில்தான் இருக்கிறது.

சியோல் நடந்து தீர்க்கும் ஊர். மெட்ரோவின் 2-ஆம் தடம் ஒரு வட்டம். கங்னம், சோங்சு, ஹொங்டே, இஹ்வா என்று உடை பார்க்கவும் உடுத்திக் காட்டவும் போகிற இடங்களில் பாதி அந்த ஒரே வட்டத்தில் இருக்கின்றன. ரயிலுக்குள் இருக்கும் நேரத்தைவிட மாறும் நேரம்தான் காலைச் சோதிக்கும். ஜோங்னோ 3-கா நிலையத்தில் 1-ஆம் தடத்திலிருந்து 5-ஆம் தடத்துக்கு மாறுவதே ஒரு நடைப்பயணம். மேலே வந்தால் செங்கல் போலப் பதித்த பாவுகற்கள், நடுநடுவே மெட்ரோவின் காற்றோட்டக் கம்பி வலைகள், மரங்களைச் சுற்றி இடுக்குகள் உள்ள இரும்புத் தட்டுகள். பென்சில் ஹீல் கம்பி வலையில் அப்படியே உள்ளே இறங்கும். இழுத்தால் குதியின் பின்பக்கத் தோல் மேல்நோக்கிச் சுருண்டு கிழியும். 2007-இல் சியோல் மாநகராட்சி தொடங்கிய பெண்கள் நலத் திட்டத்தில் ஹீல்ஸ் சிக்காத நடைபாதை என்பதே தனி வேலையாக இருந்தது. பல தெருக்கள் அதற்குப் பின் சமமாகியிருக்கின்றன. ஆனாலும் பாவுகல் பெயர்ந்த மூலை ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருக்கும், பென்சில் ஹீல் தவறாமல் அதைத்தான் தேடிப் பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 கிலோ எடையுள்ள பெண் நடக்கும்போது ஒரு கணம் முழு எடையும் ஒரே குதியில் இறங்குகிறது. பென்சில் ஹீலின் டிப், அதாவது தரையைத் தொடும் நுனித் துண்டு, சுமார் 1 செ.மீ.க்கு 1 செ.மீ. அதாவது 1 சதுர செ.மீ.யில் 55 கிலோ. பிளாக் ஹீலின் அடிப்பரப்பு மூன்றரைக்கு மூன்றரை என்றால் ஏறக்குறைய 12 சதுர செ.மீ. அங்கே ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் நாலரைக் கிலோதான் வருகிறது. ஒரே ரப்பர், ஒரே கால், ஒரே தெரு. தேயும் வேகம் மட்டும் எங்கேயோ இருக்கிறது.

பென்சில் ஹீலின் டிப் 5, 6 மி.மீ. தடிமனுள்ள பாலியூரித்தேன் துண்டு. அதற்குள் சுமார் 3 மி.மீ. பருமனில் ஓர் எஃகு ஆணி புதைந்திருக்கும். அந்த ஆணி குதித்தண்டுக்குள் இருக்கும் குழாயில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். டிப் பெரும்பாலும் பின்பக்க வெளிமூலையிலிருந்துதான் தேயத் தொடங்கும். பாதி தேய்ந்ததும் மாற்றிவிட்டால் வேலை சுலபம். விட்டுவிட்டால் ஆணியின் தலை வெளியே வரும். மெட்ரோ தாழ்வாரத்தின் கிரானைட் தரையில் டொக் டொக்கென்று உலோகச் சத்தம் கேட்டால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். மழைநாளில் ஈரக் கிரானைட்டில் இரும்புத் தலை நிற்காது, வழுக்கும். அதையும் பார்க்காமல் நடந்தால் அடுத்து தேய்வது தண்டின் பிளாஸ்டிக். அதன்மேல் ஒட்டியிருக்கும் தோல் விளிம்பிலிருந்து உரியும். தண்டு சாய்வாகத் தேய்ந்தபின் புது டிப் சமமாக உட்காராது. உட்கார வைக்கத் தண்டைச் சமமாக அரைக்க வேண்டும், ஒரு காலை அரைத்தால் இன்னொன்றையும் அதே அளவு அரைக்க வேண்டும். சில ஆயிரம் வொன்னில் முடிந்திருக்கும் வேலைக்குக் குதியையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

இந்த விஷயத்தில் சியோல் ஒரு வரம். ஆபீஸ்கள் உள்ள பகுதிகளில் நடைபாதை ஓரமாகவே ஒரு சிறிய தகரப் பெட்டிக்கடை இருக்கும், உள்ளே ஒருவர் மட்டும் உட்காரும் அளவுக்கு. ஷூவைக் கழற்றிக் கொடுத்தால் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி ஸ்லிப்பர் தருவார். குறடால் பழைய டிப்பைப் பிடித்து முறுக்கி இழுப்பார். ஆணி உள்ளேயே ஒடிந்திருந்தால் துளையிட்டு எடுப்பார். துளை தளர்ந்திருந்தால் சற்றுப் பருத்த ஆணி உள்ள டிப்பைத் தேர்ந்தெடுத்துச் சுத்தியால் தட்டி இறக்குவார். விளிம்பைக் கத்தியால் சீவி, சக்கரத்தில் உரசி, ஓரத்துக்குக் கறுப்புச் சாயம் தடவிக் கையில் கொடுக்கும்வரை மொத்தமே சில நிமிடங்கள்தான். ரப்பர் டிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடினமான பாலியூரித்தேன் அதிக நாள் வரும், ஆனால் ஜனவரிக் குளிரில் இறுகிப்போய் வழுக்கும், சத்தமும் போடும். பளபளப்பான தரையில் ரப்பர்தான் பிடிக்கும்.

பிளாக் ஹீலுக்கும் அதே கடைதான். அடி ரப்பரை நெம்பி எடுத்து, இரு பக்கமும் பசை தடவி, பசை சற்று உலர்ந்ததும் ஒட்டித் தட்டி, இரண்டு மூன்று சிற்றாணி அடித்து ஓரத்தை உரசுவார்கள். பரப்பு பெரிது என்பதால் கட்டணம் கொஞ்சம் கூடலாம். ஆனால் அந்த வேலை எப்போதாவதுதான் வரும். ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தால் அந்த மூலைக்கு மட்டும் ஆப்பு வடிவத்தில் ரப்பர் வைத்துச் சரிசெய்யலாம், பென்சில் ஹீலில் அதற்கு இடமே கிடையாது. ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் பிளாக் ஹீல் பொறுத்துக்கொள்ளும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பொறுமை பெரிய விஷயம்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து, குதி ஆட்டம் காண்பது. உள்சோலுக்கு அடியில் ஒரு திருகும் சில ஆணிகளும்தான் குதியைப் பிடித்திருக்கின்றன. 9 செ.மீ. தண்டு நல்ல நெம்புகோல். ஒருமுறை வலையில் சிக்கி இழுபட்டால் ஆணிகள் தளரும், பாதத்தின் வளைவுக்குள் ஓடும் எஃகுப் பட்டையும் வளையலாம். மேசையில் வைத்துக் குதியை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய ஷூவைக் கேரட் செயலியில் விற்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே வாங்குகிறவர் முதலில் கேட்பது சோலின் படம். தண்டின் தோல் உரிந்த பென்சில் ஹீலை யாரும் சீந்துவதில்லை.

அடுத்தது பருவங்கள். ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முழுக்க நீளும் அடைமழையில் தோல் ஹீல்ஸ் எதுவுமே வேண்டாம். குளிர்காலத்தில் பனியைக் கரைக்கத் தெருவில் கால்சியம் குளோரைடு கொட்டுவார்கள். அது தோலில் வெள்ளை வளையமாகப் பூக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கறை போகாவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவிட்டு, பிறகு கிரீம் போட வேண்டும். சூடான தரையில் வைத்துக் காயவைத்தால் தோல் வெடிக்கும். கொரிய வீடுகளில் தரைக்கடியில் சூடு ஓடுவதால் பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். தோல் சோல் உள்ள ஷூவாக இருந்தால் முதல் நாளே முன்பக்கத்தில் மெல்லிய ரப்பர் அரைசோல் ஒட்டிவிடுவது நல்லது. அதே பெட்டிக்கடையிலேயே செய்வார்கள்.

செருப்பைக் கழற்றும் பழக்கத்தையும் கணக்கில் எடுங்கள். வீடுகளில் கேட்கவே வேண்டாம், தரையில் உட்காரும் பழைய பாணி உணவகங்களிலும் வாசலில் கழற்ற வேண்டும். பத்துப் பேர் பின்னால் நிற்கும்போது கணுக்கால் பக்கிளோடு மல்லுக்கட்டுவது சங்கடம். பிளாக் ஹீலில் வார் இல்லாமலே கால் நிற்கும். உயரமான பென்சில் ஹீலில் பாதம் முன்னே சரியும், அதனால் வார் தேவைப்படும். கியோங்போக்குங் அரண்மனைக்குப் போவதாக இருந்தால் பென்சில் ஹீலை நினைக்கவே வேண்டாம். முற்றத்தில் கரடுமுரடான கல் பாளங்கள், மற்ற இடங்களில் மணல் மண், குதி புதைந்துவிடும். கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக்கை வாடகைக்கு எடுத்துச் சுற்றும் இளம்பெண்களின் பாவாடைக்கு அடியில் பெரும்பாலும் ஸ்னீக்கர் எட்டிப்பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது.

உடைக்குப் பொருந்துவதில் இரண்டும் வேறு வேறு கட்சி. சியோல் தெருவில் இப்போது அகலமான ஸ்லாக்ஸும் நீளப் பாவாடையும் நிறைய. தரையைத் தொடும் அகலக் காலுக்கு 5 செ.மீ. பிளாக் ஹீலும் சதுர முனையும் அளவெடுத்தது போல அமையும், துணியின் ஓரமும் குதியில் சிக்காது. பேன்ட்டை ஆல்டர் செய்யக் கொடுக்கும்போது இந்த ஷூவைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள். ஒட்டிய மிடி பாவாடை, கல்யாண விருந்தினர் உடை, இரவு நிகழ்ச்சி இவற்றுக்குக் கூர்முனைப் பென்சில் ஹீல்தான் அழகு. கெண்டைக்கால் கோடு அப்படி வேறெதிலும் வராது. கல்யாண மண்டபக் கம்பளத்தில் டிப்பும் தேயாது. வேலை நேர்காணலுக்கு 5 முதல் 7 செ.மீ. கறுப்புப் பம்ப்ஸ் என்பது அங்கே எழுதாத சட்டம் மாதிரி, அதற்கு இரண்டுமே சரி.

ஸ்னீக்கரில் வந்து ஆபீஸில் மாற்றுவதுதான் பிளாக் ஹீலுக்கு உண்மையான போட்டி. மேசைக்கு அடியில் ஒரு ஜோடி ஹீல்ஸும் ஒரு ஸ்லிப்பரும் வைத்திருப்பது யோயிடோ, குவாங்வாமுன் ஆபீஸ்களில் சாதாரணம். 2021-இல் பறக்கத் தொடங்கிய ஏரோ கே விமான நிறுவனம் பணிக்குழுவினரின் சீருடையிலேயே ஸ்னீக்கரைச் சேர்த்தது. பென்சில் ஹீல்தான் வேண்டும் என்பவர்கள் இந்த வழியில் போவதே புத்திசாலித்தனம், ஆபீஸ் கம்பளத்தில் ஒரு ஜோடி வருஷக்கணக்கில் வரும். ஆனால் வேலை முடிந்து நேராக வேறிடம் போக வேண்டிய நாளில் அரைக் கிலோவுக்கு மேல் பையில் சுமக்க வேண்டும். தினமும் வாடிக்கையாளரைப் பார்க்க வெளியே அலைபவர்களுக்கு இது சரிப்படாது.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்கிறேன். சோங்சுவில் கைவேலை ஷூ பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. சில நாளுக்கு மட்டும் திறக்கும் பாப்-அப் கடைகள் வந்து வாடகை ஏறியதில் எண்ணிக்கை குறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சியோல் ஸ்டேஷன் பக்கம் யொம்சொன்கியோ ஷூ தெரு இன்னும் பழையது. அளவு மி.மீ. கணக்கு, 5 மி.மீ. இடைவெளியில் 225, 230, 235 என்று போகும். ஸ்னீக்கரில் 240 போடுபவருக்குப் பம்ப்ஸில் பெரும்பாலும் 235 சரியாக வரும். பாதத்தின் முன்பகுதி அகலமாக இருந்தால் அளவைக் கூட்டாதீர்கள், நடக்கும்போது குதிகால் ஷூவிலிருந்து கழன்று வரும். அகலத்தை மட்டும் விரித்துத் தரச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுத்தால் குதி உயரத்தை 3, 5, 7 செ.மீ. என்று தேர்ந்தெடுக்கலாம். அதே மாடலில் உயரத்தை மாற்றும்போது அந்த உயரத்துக்கான அச்சு (ஷூவைத் தைக்கும் பாத வடிவக் கட்டை) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 7 செ.மீ. அச்சில் தைத்த ஷூவுக்கு 5 செ.மீ. குதியை அடித்தால் முன்முனை தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கும். இருக்கும் ஹீலை வெட்டிக் குறைப்பதும் அப்படித்தான், 1 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சொல்லிச் செய்ததைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால், கடையை விட்டு வருமுன் கண்ணாடியில் அழகு பார்ப்பதை மறந்து, வாசல் படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள்.