சஸ்பென்ஷன் சீட் போஸ்ட்: இரண்டாவது புஷ் செட் மாற்றிய பிறகு

சைக்கிள் சீட்டைத் தாங்கும் கம்பத்திலேயே ஸ்பிரிங் வைத்ததுதான் சஸ்பென்ஷன் சீட் போஸ்ட். அதன் விலை இறங்கியதிலிருந்து "வாங்கலாமா?" என்ற கேள்வி நிற்கவில்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் இந்த ஊர் ரோட்டை வைத்தே சொல்கிறேன். பேசப்போவது 27.2 மி.மீ. விட்டம், 50 மி.மீ. அசைவு, நான்கு பின்களில் (ஒவ்வொன்றும் புஷ் என்ற சிறு வளையத்துக்குள் திரும்பும் அச்சு) இணைகரமாக மடங்கும் வகை பற்றி. குழாய்க்குள் குழாய் இறங்கும் மலிவு வகை சீக்கிரமே பக்கவாட்டில் ஆட்டம் காணும். அது வேண்டாம்.

முதலில் நியாயமாக, நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை, தார் ரோடு முடிந்து சிமெண்ட் ரோடு தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் உயரப் படி, குழாய் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடாத குறுக்குப் பள்ளம். இந்த மூன்றிலும் இது அருமையாக வேலை செய்கிறது. அடி விழும்போது சீட் கீழே மட்டும் போவதில்லை, கொஞ்சம் பின்னாலும் போகிறது. அதனால் சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் பெரிதாக மாறாது, முட்டிக்குத் தொந்தரவில்லை. இணைகரம் என்பதால் சீட்டின் மூக்கு மேலும் கீழும் சாய்வதும் இல்லை. பென்னாகரம் ரோட்டில் ஒகேனக்கல் வரை போய்த் திரும்பினால் இடுப்பு அதற்கு நன்றி சொல்லும்.

ஆனால் அந்தச் சத்தம்! கிறீச், கிறீச், கிறீச். ஒவ்வொரு பெடல் மிதிக்கும் ஒன்று.

புதிதாக மாட்டும்போது சத்தமே இருக்காது. முதல் கோடையில் தூசு ஏறியதும் ஆரம்பிக்கும். குவாரி லாரிகள் ஓடும் ரோடுகளில் ஓரத்தில் படிந்திருப்பது வெறும் மண் அல்ல, கல் மாவு. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண இரும்பை விடக் கடினமானது. அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் போய் எண்ணெயோடு குழைந்தால் அரைக்கும் பசைதான். சத்தம் வந்ததும் எஞ்சின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ விடுகிறோம், இரண்டு நாள் அமைதி, பிறகு முன்பை விட மோசம். காரணம் இதுதான். துரு நீக்கும் ஸ்பிரேயும் அடிக்கக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

சத்தம் எங்கிருந்து என்று முதலில் உறுதி செய்யுங்கள். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட், கிளாம்ப், போஸ்ட் மூன்றில் ஒன்று. நிற்காவிட்டால் பெடலையோ பாட்டம் பிராக்கெட்டையோ (பெடல் கைகள் சுழலும் அச்சு) பாருங்கள். போஸ்ட்டில்தான் என்றால் வரிசை இப்படி: சீட் கம்பியைப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்; பிறகு போஸ்ட்டை உருவி, ஃபிரேம் குழாயின் உட்புறத்தைத் துடைத்து, மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவுங்கள் (கார்பன் ஃபிரேமுக்குக் கிரீஸ் கூடாது, அதற்கான பேஸ்ட் தனி). அப்போதும் போகவில்லையா, சீட் மூக்கைப் பிடித்து இடம் வலமாகத் திருகிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெய் இனி உதவாது, பின்னும் புஷ்ஷும் செட்டாக மாற்ற வேண்டும்.

மாற்றும்போது கடைகளில் நடக்கும் தவறு, ஆட்டம் போகட்டும் என்று பக்கத் திருகுகளை முறுக்கித் தள்ளுவது. ஆட்டம் போகும், கூடவே அசைவும் போய்விடும். ஸ்பிரிங் இருந்தும் போஸ்ட் கட்டையாக நிற்கும். இணைப்பு கையால் அழுத்தினால் தடையில்லாமல் மடங்க வேண்டும். அந்த அளவோடு நிறுத்தி, மரையில் திருகு தானாகத் தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு பழைய மோட்டார் சைக்கிள் டியூபில் ஒரு சாண் நீளம் வெட்டி, இணைப்பைச் சுற்றிப் போர்த்தி, மேலே மட்டும் டை போட்டுக் கட்டுங்கள். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். அங்கேயும் கட்டினால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிப் பின்கள் துருப்பிடிக்கும். இந்த உறை போட்ட பிறகுதான் இரண்டாவது செட் நிம்மதியாக ஓடுகிறது. பெட்டியிலேயே ஒரு உறை கொடுத்திருக்கலாம். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு அதைக்கூடச் செய்யாதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்பிரிங் செட்டிங்கும் பலர் தொடுவதே இல்லை. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள், இன்னொருவர் ஸ்கேல் வைத்து அளக்கட்டும். 50 மி.மீ. அசைவில் சுமார் 10 மி.மீ. இறங்கினால் சரி. 15 மி.மீ.க்கு மேல் இறங்கினால் போஸ்ட்டின் அடியில் உள்ள திருகை உள்ளே முடுக்குங்கள். முழுக்க முடுக்கியும் இறங்கினால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது, கனமானது வாங்குங்கள். திருகு குழாய் விளிம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது, மரை பிடிப்பு குறைந்து அடியோடு கழன்றுவிடும். உட்கார்ந்தால் 10 மி.மீ. இறங்குமென்பதால் சீட் உயரத்தை அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சீட்டும் சாதாரண போஸ்ட்டை விடப் பின்தள்ளி நிற்கும், கம்பியில் முன்னால் நகர்த்துங்கள்.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். தூக்கிப்போடுவது வேறு, நடுக்கம் வேறு. சீட் போஸ்ட் முதலாவதைத்தான் தாங்குகிறது. மேல்பூச்சு போய் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் தார் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 20 கி.மீ. என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சாண். சாணுக்கு இரண்டு மேடு இருந்தாலே நொடிக்கு 50 முறை அடி விழும். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர்தான். நான்கு பின்களின் உராய்வைத் தாண்டிப் போஸ்ட் அசையத் தொடங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். நடுக்கம் அப்படியே முதுகுக்கு ஏறுகிறது. கைக்கோ இந்தப் போஸ்ட்டால் எந்தப் பயனும் கிடையாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் அல்நர் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். சீட் மூக்கு கீழே சாய்ந்து உடல் எடை கைக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள், கையுறை பிறகு.

இந்த நடுக்கத்தை விழுங்குவது டயரும் அதிலுள்ள காற்றும்தான். 28 மி.மீ. டயரை 38க்கு மாற்றிய நாள் தெரிந்த வித்தியாசம், போஸ்ட் மாட்டிய நாள் தெரியவில்லை. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டே குழாய்களிலும் டயருக்கு இருபுறமும் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். மட்கார்டு இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

பஞ்சர் கடையில் "கல்லு மாதிரி" அடித்துக் கொடுப்பார்கள். வாங்கிய டயரின் பலன் அங்கேயே போச்சு. டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் தாண்டக் கூடாத எல்லை, அடிக்க வேண்டிய அளவு அல்ல. 75 கிலோ ஆளுக்கு, டியூபோடு 38 மி.மீ. டயரில் பின்னால் 48, முன்னால் 40 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். உட்கார்ந்தால் டயர் உயரம் 15 சதவீதம், அதாவது 5 முதல் 6 மி.மீ. அமுங்க வேண்டும். ரிம் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் தெரிந்துவிடும். காலை 25 டிகிரியில் 45 அடித்தால், டயர் 45 டிகிரிக்குச் சூடாகும் மதியத்தில் தானாகவே 4 பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். கோடையில் அதற்கும் இடம் விடுங்கள்.

காற்றைக் குறைத்தால் பஞ்சர் ஆகுமே என்பார்கள். ஓட்டையைப் பாருங்கள். அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் பள்ளத்து விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. 3 முதல் 5 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். ஒரே ஓட்டை என்றால் பெரும்பாலும் வேலிக்காத்தான் முள். காற்றழுத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஆக, வாங்கலாமா? இடுப்புக்கு இவ்வளவு நல்லது செய்த பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கே சங்கடம்தான், ஆனால் இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பணத்தை டயரிலும் அளவு காட்டும் நல்ல ஃப்ளோர் பம்பிலும் போடுங்கள். ஃபிரேமில் 28க்கு மேல் டயர் நுழையாதவர்களும், டயரை மாற்றிய பிறகும் இடுப்பு வலி விடாதவர்களும் மட்டும் வாங்குங்கள். வாங்கும்போதே ஒரு புஷ் செட்டையும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள். பிறகு தேடினால் தனியாகக் கிடைக்க வாரக்கணக்காகிறது.