ஒரு சிறு சொல்லை வைத்து ஒரு பேரகராதியை மதிப்பிடுதல்

ஓர் அகராதியின் தரத்தை அறிய அரிய சொற்களைத் தேடிப் பார்ப்பது பலருடைய வழக்கம். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். அதை எழுதிவிடுவது எளிது. எல்லோர் வாயிலும் புழங்கிப் புழங்கிப் பொருள் பெருகிவிட்ட ஒரு சிறு சொல்லை எவ்வாறு கையாள்கிறது என்பதில்தான் ஓர் அகராதியின் திறம் வெளிப்படும். ஆகவே, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இணையச் சேவையை மதிப்பிட, ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட ‘செட்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்த வினைச்சொல்லுக்கு உரியதுதான்: சுமார் 60,000 சொற்களில் 430 பொருள்கள் விளக்கப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது. எண்ணிக்கை வியப்பளிப்பதுதான், ஆனால் அத்தனை பொருள்களும் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்பதே ஒரு வாசகருக்கு முக்கியம்.

இவ்வகராதி பொருள்களை வரலாற்று முறையில் அடுக்குகிறது. பழைய பொருள் முதலில் வரும், அதிலிருந்து கிளைத்தவை பின்னர் வரும். ‘செட்’ என்பது ‘சிட்’ என்ற வினையின் பிறவினை, அதாவது ‘உட்காரச் செய்’ என்பதே அதன் அடிப்படை. தமிழில் ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’ பிறப்பதைப் போன்ற உறவு இது என்பதால் நமக்கு இது உடனே பிடிபட்டுவிடுகிறது. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால், மோதிரத்தில் கல்லைப் பதிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்திச் சேர்ப்பது, அச்சுக் கோப்பது, கடிகாரத்தில் மணியைத் திருத்துவது, விலையை நிர்ணயிப்பது, குழம்பாக இருந்தது இறுகுவது, கதிரவன் மேற்கில் இறங்குவது ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களாகத் தோன்றாமல் ஒரே குடும்பத்தின் கிளைகளாகத் தெரியத் தொடங்குகின்றன. மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாக இருந்தது புரிந்துகொள்ளக்கூடிய வரலாறாக மாறுவது இங்கேதான். இந்த அகராதியை நான் மதிப்பதற்கு முதற்காரணமும் இதுவே.

ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டு குறித்த மேற்கோள்கள் நிற்கின்றன. ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்று, 1884-இல் முதல் பகுதி வெளிவந்து, 1928-இல் முதற்பதிப்பு நிறைவடைந்த அந்த நெடும்பணிக்கு, தாங்கள் படித்த நூல்களிலிருந்து வரிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பிய தன்னார்வலர்களே அடித்தளம் இட்டனர். ஒரு பொருள் எப்போது எழுத்தில் தோன்றியது, எப்போது வழக்கொழிந்தது என்பதை வேறு யாருடைய சொல்லையும் நம்பாமல் நாமே சான்றுகளில் பார்த்துக்கொள்ள முடிகிறது.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் இன்னொரு நுட்பம் புலப்படுகிறது. ‘ஒரு தொகுதி’ என்ற பொருளில் வழங்கும் ‘செட்’ முழுக்க இந்த வினையிலிருந்து வந்ததன்று. ‘பின்பற்றுவோர் குழு’ என்ற பொருளுடைய இலத்தீன் ‘செக்தா’ பழைய பிரெஞ்சு வழியாக வந்து, வினையின் தாக்கத்தையும் பெற்று, ஒரே வடிவத்தில் கலந்துவிட்டது. இத்தகைய கலப்பை ஒரு கையகராதி விளக்குவதில்லை. அதற்கு இடமும் இல்லை.

இவ்வளவு சிறந்த அகராதி அவசரத்துக்கு உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘மழை செட் இன் ஆகிவிட்டது’ என்ற தொடரை ஒரு கதையில் கண்டு, நின்று நீடிக்கும் அறிகுறியோடு மழை தொடங்கியிருக்கிறது என்ற பொருளைத் தேடுபவர், வழக்கொழிந்த பொருள்கள் பலவற்றைக் கடந்து, துணைச்சொல் சேர்ந்த வினைகள் திரட்டப்பட்டிருக்கும் பிற்பகுதி வரை செல்ல வேண்டியிருக்கும். அவருக்கு ஏற்றவை கற்போர் அகராதிகளே. 1978-இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை எழுதியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி, உண்மையான பயன்பாட்டுத் தரவுகளை ஆராய்ந்து, முழு வாக்கியங்களாகவே பொருள் சொன்னது. மாணவருக்கு முதலில் இவற்றில் ஒன்றையும், மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியருக்கும் அதனுடன் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பேரகராதியின் முழுப் பதிவுகளையும் படிக்கச் சந்தா தேவை. ஆனால் பல பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இச்சேவையை வழங்குகின்றன என்பதால், பணம் கட்டுவதற்கு முன் தங்கள் நூலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது.