பழைய காரில் தீராத ஆயில் லீக்: மருந்தா, கெட்டி ஆயிலா, பேஸ்ட்டா, புது சீலா?

மாருதி 800, ஜென், அம்பாசிடர் என்று பழைய வண்டி வைத்திருப்பவர் ஆயில் லீக் என்று வாயெடுத்தால், கோவையிலிருந்து கரூர் வரைக்கும் கிடைக்கிற யோசனை நாலுதான். லீக் நிறுத்தும் மருந்தை ஊற்றுங்க. கெட்டி ஆயிலுக்கு மாறுங்க. அனபாண்ட் பேஸ்ட் தடவி மூடுங்க. பேக்கிங்கையோ சீலையோ புதுசாப் போடுங்க. நாலாவதுதான் நிஜமான வேலை. ஆனால் புதுசு போட்டும் ஆறே மாதத்தில் அதே இடத்தில் ஒழுகும் வண்டிகள் உண்டு. அங்கே சீலைக் குறை சொல்லும் முன் இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகை இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும். அதை பிரீதர் என்ற புகைபோக்கிக் குழாயும், அதிலுள்ள ஒருவழி அடைப்பான பிசிவி வால்வும் இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக் பக்கம் வெளியேற்ற வேண்டும். தோட்டத்துச் சாளையிலிருந்து டவுனுக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு கிலோமீட்டர் என்றே ஓடும் வண்டியில் ஆயில் முழுசாகச் சூடேறாது. ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து, ஆயில் ஊற்றும் ஃபில்லர் மூடியின் அடியில் மோர் நிறத்தில் பசையாகப் படியும், பிரீதரையும் அடைக்கும். வழி அடைபட்டால் அழுத்தம் பலவீனமான சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி ஏறும்போது புகை அதிகம், இன்டேக்கின் இழுப்பு குறைவு. சமதளத்தில் ஒழுகாத வண்டி மலையேறியதும் இன்ஜின் தலைமேல் உள்ள டேப்பட் கவர் ஓரம் நனைந்து நின்றால் முதல் சந்தேகம் பிரீதர் மேல்தான்.

இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஃபில்லர் மூடியைக் கழற்றி, வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். ஆயில் தெறிக்கலாம், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். தாள் லேசாக உள்ளே ஒட்டினால் நல்லது. மேலே தூக்கினால் பிரீதர் குழாயைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவுங்கள். பிசிவி வால்வை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் தாள் தூக்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்காமல் சீலுக்குச் செலவழிப்பது வீண்.

அடுத்தது, எங்கே ஒழுகுகிறது என்பது. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் நனைந்திருந்தால் சம்ப் பேக்கிங் போச்சு என்று அர்த்தமில்லை; மேலே கசிவது காற்றில் பின்னோக்கி வழிந்து கீழே சொட்டும். ஆறிய இன்ஜினை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவைத்து, இணைப்புகளில் டால்கம் பவுடர் தூவி, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பவுடர் நனைந்ததில் மிக மேலே உள்ள இடமே ஊற்று. மாருதி 800 கார்புரேட்டர் மாடலில் டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள ஓ-ரிங் கசிந்தால் ஆயில் கியர்பாக்ஸ் பக்கம் வடியும். அதை கிராங்கின் பின் சீல் என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கினால் ஒரு நாள் கூலி வீண். ஆயில் பிரஷர் சுவிட்ச், டிரெயின் போல்ட் வாஷர் இரண்டையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், மலிவான வேலை.

மருந்து செய்வது ஒன்றே: காய்ந்து விறைத்த ரப்பரை ஊறவைத்து உப்பவைப்பது. கிராங்க் சீல், கேம் சீல் லேசாகக் கசிந்தால் சில நூறு கிலோமீட்டரில் குறையலாம். கார்க், பேப்பர் பேக்கிங், கிழிந்த சீல், தேய்ந்த ஷாஃப்ட் எதற்கும் உதவாது. 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரை மட்டும்தான். அங்கே மருந்துக்கு ஊறவைக்க ஒன்றுமில்லை. ஊற்றுவதென்றால் அதே அளவு ஆயிலை முதலில் எடுத்துவிடுங்கள், ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியின் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. மருந்துக்குப் பதில் பிரேக் ஆயிலை ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஆயிலின் தன்மையையே கெடுக்கும், தொடவே தொடாதீர்கள்.

கெட்டி ஆயில், அதாவது 20W-50, சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் சாலையில் ஓடும் தேய்ந்த பழைய இன்ஜினுக்கு ஏற்றதே. சொட்டும் வேகம் குறையும், ஓட்டை அடையாது. வால்பாறைக் குளிர்காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும் என்பது அதன் விலை. கம்பெனி சொன்ன கிரேடைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பேஸ்ட் விஷயத்தில் கைதான் கட்டுப்பட வேண்டும். சம்ப்பில் பேக்கிங்கே இல்லாமல் பேஸ்ட் மட்டும் போடும்படி அமைந்த இன்ஜின்கள் உண்டு. அங்கே அது சரியான வேலை. 2, 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடாக, போல்ட் ஓட்டைக்கு உட்புறமாகச் சுற்றி, டியூபில் போட்டுள்ள நேரத்துக்குள் மூடி, ஒரு நாள் கழித்து ஆயில் ஊற்ற வேண்டும். பழைய பேக்கிங்கின் மேல் அப்புவதுதான் தப்பு. உள்ளே பிதுங்கியது பிய்ந்து விழுந்து சம்ப்பிலுள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் ஏறாமல் பேரிங் போய்விடும்.

புதுசு போடும்போதும் கவரைப் பார்க்காமல் மூடினால் பழைய கதைதான். தகரக் கவரிலும் சம்ப்பிலும் அதிகமாக முறுக்கிய போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விளிம்பு குழிந்திருக்கும். மரக்கட்டையில் வைத்துச் சுத்தியால் சமமாகத் தட்டி, நேர்சட்டம் வைத்துப் பாருங்கள். அலுமினியக் கவர் வளைந்திருந்தால் கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தலாம். 10-ம் நம்பர் ஸ்பானர் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, இரண்டு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். 10 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம், மேனுவலில் குறைவாக இருந்தால் அதுவே கணக்கு.

பின் சீலுக்கு கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், கூலி ஒன்றுதான். ஷாஃப்ட்டில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றலாம். இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, சீலின் உள்விளிம்பான லிப் தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். ரப்பர் லிப்பில் ஆயில் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்க்க, கோணாமல் அடித்து இறக்க வேண்டும். பழைய பார்ட்ஸ் கடையில் பல வருஷம் கிடந்த சீலை வாங்காதீர்கள், பெட்டியிலேயே விறைத்திருக்கும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 மில்லி போகிற டேப்பட் கவர் கசிவு என்றால், வாரம் ஒருமுறை கேஜ் பார்த்து ஊற்றிக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம். சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டி நாற்றம் வந்தாலோ, டைமிங் பெல்ட் நனைந்தாலோ, கிளட்ச் வழுக்கினாலோ காத்திருக்கக் கூடாது: முதலாவதில் தீ பிடிக்கலாம், இரண்டாவதில் பெல்ட் ஊறி அறுந்து சில இன்ஜின்களில் வால்வு வளையும், மூன்றாவதில் வண்டி மேட்டில் ஏறாது.