வெளி கிராஃபிக்ஸ் பாக்ஸ்: ரங்கூன் கரண்ட்டுக்கு தாங்குமா?

லேப்டாப்போட தண்டர்போல்ட் 3ங்கிற வேகமான போர்ட்ல சொருகுற வெளி கிராஃபிக்ஸ் பாக்ஸ் வாங்கி நாலு மாசம் ஆச்சு, உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு. ரங்கூன்ல கோயில் திருவிழா, கல்யாணம்னு வீடியோ எடிட் பண்ணித்தான் நம்ம பொழப்பு. வேகத்துல குறையே சொல்ல மாட்டேன், டெஸ்க்டாப்ல டேட்டா போக வர 16 லேன் (பாதை) கிடைக்கிற கார்டுக்கு இதுல 4 லேன்தான், ஆனாலும் எடிட் பண்ணினதை முழு வீடியோவாக்குற ரெண்டர், முன்ன ரெண்டு மணி நேரம் இழுத்தது, அரை மணில முடிஞ்சிடுது.

கடைக்காரர்தான் கவுத்துட்டாரு. "ஹாட்ப்ளக் தம்பி, ஓடும்போதே புடுங்கலாம்"னு சொல்லி மானிட்டர் ஒயரைப் புடுங்கி திரும்ப சொருகிக் காட்டினாரு. அண்ணே, அது மானிட்டர்ணே! அந்த ஒயர்ல இருக்கிற ஒரு பின்னு மானிட்டர் போச்சு வந்துச்சுன்னு சொல்லும், அவ்ளோதான், கார்டு இருந்த இடத்துலயேதான் இருக்கு. கார்டே காணாமப்போறது வேற கதை.

நம்ம ஊர்ல அதை யாரும் புடுங்கவே வேணாம், கரண்ட் கட்டே புடுங்கிடும். லேப்டாப் பேட்டரில ஓடிட்டிருக்கும், பாக்ஸ் செத்துடும். செத்த கார்டுகிட்ட ட்ரைவர் (கார்டை இயக்குற சாஃப்ட்வேர்) எதைப் படிச்சாலும் எல்லா பிட்டும் 1ன்னே வரும், "வேலை முடிஞ்சா இந்த பிட் 0 ஆகும்"னு காத்துக்கிடக்கிற புரோகிராம் விடிய விடிய காத்துக்கிடக்க வேண்டியதுதான். எனக்கு மொத தடவை மவுஸ்கூட நகரல, பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சுதான் அணைச்சேன். தெருவே "மீ லா பீ"ன்னு, அதான் பர்மியத்துல "கரண்ட் வந்துடுச்சு"ன்னு, கத்துது, நான் மட்டும் போன நாப்பது நிமிஷ எடிட்டை நெனச்சு உக்காந்திருக்கேன்.

விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்ஸான லினக்ஸ்ல இதுக்கு வழி இருக்கு. கார்டு போனதும் 'போயிடுச்சு'ன்னு குறிச்சு வெச்சுட்டு, ஹார்டுவேரைத் தொடுற ஒவ்வொரு இடத்துலயும் ட்ரைவர் அதைப் பாத்துட்டுத்தான் உள்ள போகணும். என் கார்டு ட்ரைவருக்கு அந்த வேலை 2021ல, லினக்ஸோட மையப் பகுதியான கர்னல்ல 5.14 வெர்ஷன்லதான் வந்துச்சு. புது கர்னல் போட்டப்புறம் லேப்டாப் பொழச்சுக்குது, எடிட்டிங் சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்குது, அது வெச்சிருந்ததெல்லாம் அந்த கிராஃபிக்ஸ் கார்டோட மெமரிலதானே இருந்துச்சு.

கடைசில பாக்ஸுக்குன்னே தனியா ஒரு யூபிஎஸ் வாங்கிட்டேன், பீப் சத்தம் கேட்டா சேவ் பண்ணி மூடிட்டு அப்புறம்தான் கேபிளைக் கழட்டுறது. யூபிஎஸ் காசையும் சேத்துக் கணக்கு போட்டு வாங்குறதுன்னா வாங்கலாம், அஞ்சுக்கு மூணு ஸ்டார். கூட வந்த கேபிள் அரை மீட்டர்தான், மேசைக்கு அடியில வெக்கலாம்னு நெனச்சிருந்தா மறந்துடுங்க.