பக்கத்து அறைக் கணினியின் டிவிடி ரைட்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் மடிக்கணினியில் டிவிடி டிரைவ் கிடையாது. மேசைக் கணினியில் நல்ல ரைட்டர் ஒன்று இருக்கிறது. குடும்பப் புகைப்படங்களை வட்டில் எழுதி வைக்க, சில ஆண்டுகளாக அதை வீட்டு நெட்வொர்க் வழியாகவே பயன்படுத்தி வருகிறேன். பல வழிகளைப் பார்த்துவிட்டு ஒன்றில் நிலைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, விண்டோஸில் அந்த டிரைவையே ஷேர் செய்வது. செய்தால் வட்டைப் படிக்கலாம், நகலெடுக்கலாம்; எழுத மட்டும் முடியாது. எழுதும் மென்பொருளின் பட்டியலில் அந்த டிரைவ் தலைகாட்டவே காட்டாது. கோப்புப் பகிர்வு கோப்புகளை மட்டுமே சுமக்கும். லேசரை இயக்கு, இந்த வேகத்தில் எழுது, வட்டை முடித்து மூடு என்ற கட்டளைகள் டிரைவின் காதுக்கே போய்ச் சேர வேண்டும். ஆப்பிள் 2008இல் மேக்புக் ஏர் மடிக்கணினியுடன் தந்த, வேறு கணினியின் டிரைவைப் பயன்படுத்தும் ரிமோட் டிஸ்க் வசதியும் படிப்பதோடு நின்றுகொண்டது இதனால்தான்.

அந்தக் கட்டளைகளையே நெட்வொர்க்கில் அனுப்பும் வழி ஐஸ்கசி (iSCSI) என்ற நெறிமுறை. டிரைவ் உள்ள கணினியில், அதை வெளியே தரும் டார்கெட் மென்பொருள் வேண்டும். இணையும் பக்கத்துக்கான இனிஷியேட்டர் மென்பொருள் விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸிலேயே இருக்கிறது. இணைத்ததும் அந்த ரைட்டர் மடிக்கணினியின் சொந்த டிரைவாகவே தெரிகிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் வேகக் கணக்கு இரக்கமற்றது. டிவிடியில் 1எக்ஸ் (1x) என்ற அடிப்படை எழுதும் வேகம் நொடிக்குச் சுமார் 11 மெகாபிட். 8எக்ஸில் அது 89ஐத் தொடும். 100 மெகாபிட் கேபிளில் மூச்சுவிட இடமிருக்காது. 16எக்ஸ் அதில் அடங்கவே அடங்காது. வைஃபை தடுமாறினால், எழுதக் காத்திருக்கும் தரவை வைக்கும் தற்காலிக நினைவகமான பஃபர் காலியாகும். இன்றைய ரைட்டர்கள் அப்போது நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதிவிடும். இணைப்பே அறுந்தால் அந்த வட்டு போனதுதான். கேபிளும் 4எக்ஸும் இருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

நான் இன்று வைத்திருக்கும் முறை மிக எளிது. மடிக்கணினியில் ஐஎஸ்ஓ இமேஜ் (முழு வட்டின் உள்ளடக்கமும் ஒரே கோப்பாக) உருவாக்கி, மேசைக் கணினியின் பகிர்வு ஃபோல்டருக்கு அனுப்புகிறேன். கோப்பு மாறாமல் வந்ததா என்று அறிய, அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பு இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, மேசைக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து அங்கேயே எழுதச் சொல்கிறேன். விண்டோஸ் 7 முதல் இமேஜை எழுதும் கருவி உள்ளேயே இருக்கிறது. எழுதியபின் வட்டைச் சரிபார்க்கும் தேர்வும் அதில் உண்டு, அதை ஒருபோதும் விடுவதில்லை. நெட்வொர்க் மந்தமானால் கோப்பு வந்து சேரத் தாமதமாகும், அவ்வளவே, வட்டுக்குச் சேதமில்லை. எழுதத் தொடங்கியபின் மடிக்கணினியை மூடி வைத்தாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும். வட்டைப் போட மட்டும் எழுந்து போக வேண்டும்.

விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது. அங்கே அதே வேலையைச் செய்யும் விஎன்சி (VNC) மென்பொருள் போதும். மேசைக் கணினி பாதி வேலையில் ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி, அதன் பவர் அமைப்பை முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.