குட்டிக் காதல் விளையாட்டு செய்ய: ரென்பையா, ஏஜிஎஸ்ஸா?

காட்பாடி ஸ்டேஷனில் சந்திப்பு, வேலூர் கோட்டை அகழியோரம் பேச்சு, கையில் ஆற்காட்டு மக்கன் பேடா. பழைய பாணியில், சுட்டிச் சொடுக்கி ஆடும் பதினைந்து நிமிட டேட்டிங் விளையாட்டுக்கு இது போதும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களான ரென்பை (Ren'Py), ஏஜிஎஸ் (Adventure Game Studio) இரண்டில் எதில் செய்வது என்றுதான் கல்லூரிப் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

செலவு: இரண்டும் இலவசம்.

கணினி: ரென்பை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஏஜிஎஸ் எடிட்டருக்கு விண்டோஸ் வேண்டும்.

உரையாடல்: ரென்பை இதற்கென்றே பிறந்தது. "பேடா கொடு" என்பதைத் தேர்ந்தால் அன்பு மதிப்பெண் ஒன்று கூட வேண்டுமா? ஒரே வரி. சேமிப்பு, பின்னோக்கிப் போவது எல்லாம் தானாகவே வரும். ஏஜிஎஸ்ஸிலும் உரையாடல் எழுதலாம், கொஞ்சம் சுற்றுவழி.

சொடுக்கி நடப்பது: இங்கே ஏஜிஎஸ்தான் ராஜா. 1990களின் பாணிச் சாகச விளையாட்டுகளுக்காகவே வந்தது. 320x200 பிக்சல் படத்தில் நாயகன் நடப்பான், பொருளை எடுப்பான், பையில் போடுவான். ரென்பையில் படத்தைச் சொடுக்க வைக்கலாம், நடக்க வைப்பது தலைவலி.

தமிழ் எழுத்து: எதுவானாலும் முதல் நாளே 'கொ', 'ஸ்ரீ' போட்டுச் சோதியுங்கள். கொம்பு இடம் மாறினால் மனசே விட்டுப்போகும்.

பேச்சுதான் கதை என்றால் ரென்பை. கோட்டையைச் சுற்றித் துழாவ வேண்டுமென்றால் ஏஜிஎஸ். முதல் விளையாட்டா? யோசிக்காமல் ரென்பையை இறக்குங்கள்.